நான் என்றால் ரொட்டி

1.

இந்தக் கதை எனக்கு ஒரு ரொட்டித் துண்டோடு கிடைத்தது. டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் ஞாயிறு பூசை முடிந்த தேநீர் வேளையில், கத்தரீனா அக்கா துண்டைக் கையில் வைத்தபடியே முழுவதையும் சொன்னார்.

"எழுதும். ஆனா பெயர் போடக் கூடாது."

"உங்கட பெயரையோ?"

"என்ர பெயரைப் பெரிசாப் போடும். மற்றவவின்ர பெயரைத்தான் போடக் கூடாது."

ஆகவே மற்றவரின் பெயர் வரவேண்டிய இடத்தில் [ ] இருக்கும். அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம். என் பங்குக்கு இன்னொரு விதியும் வைத்துக்கொண்டேன்: கதைக்குள் 'நான்' வரக் கூடாது. எழுதுகிறவன் வாசலோடு நிற்க வேண்டும்.

2.

முதல் தொடக்கம்: 'பனி கொட்டிக்கொண்டிருந்த அந்தக் காலையில்...' (வேண்டாம். அன்று நல்ல வெயிலாம்.)

இரண்டாவது: 'உலகின் துயருற்ற இனங்களுள் ஒன்றான உய்குர்...' (கத்தரீனா இப்படிப் பேசமாட்டார்.)

மூன்றாவது: ஒரு படுக்கை விரிப்பு. இது சரி.

கத்தரீனா வேலை செய்வது சலவைத் தொழிற்சாலையில். அங்கே சூடான பெரிய உருளை ஒன்று சுழன்றுகொண்டே இருக்கும். ஈர விரிப்பை ஆளுக்கொரு மூலையாக இரண்டு பேர் பிடித்து, ஒரே கணத்தில் இழுத்து, அதன் வாயில் கொடுக்க வேண்டும். ஒருத்தி அரை நொடி முந்தினாலும் விரிப்பு கோணிக்கொண்டு போய், சுருக்கம் விழுந்து வெளியே வரும். வாயால் 'இப்போது' என்று சொல்லி முடிப்பதற்குள் கணம் போய்விடும். கண்ணால்தான் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்குப் பல நூறு தடவை ஒருத்தியின் கண்ணைப் பார்த்தால் என்ன ஆகும்? ஒன்று பகை, இல்லையென்றால் நட்பு. கத்தரீனாவுக்கும் [ ]க்கும் நட்பு.

3.

[ ] உய்குர்ப் பெண். முஸ்லிம். சீனாவிலிருந்து டென்மார்க்குக்கு வந்து எட்டு வருடம். முதல் நாள் இடைவேளையில் அவள் துணிப் பொட்டலத்தை அவிழ்த்து, உள்ளே இருந்ததைக் காட்டி, "நான்" என்றாள்.

கத்தரீனா துள்ளி எழுந்தார். "தமிழ் தெரியுமோ உனக்கு!" பிறகு நெஞ்சில் அடித்துக்கொண்டு, "நான்! நான் கத்தரீனா!" என்றார்.

அவள் ரொட்டியைப் பார்த்தாள். கத்தரீனாவின் நெஞ்சைப் பார்த்தாள். பிறகு புரைக்கேறும் வரை சிரித்தாள். உய்குர் மொழியில் நான் என்றால் ரொட்டி.* தன்னை ரொட்டி என்று இவ்வளவு உறுதியாகச் சொன்ன ஒருவரை அவள் அதுவரை சந்தித்ததில்லை. அன்றிலிருந்து ஒருவரையொருவர் கூப்பிடுவதே "நான்" என்றுதான்.

(* வட்டமானது. சுடுவதற்கு முன் நடுவில் முட்கள் கொண்ட அச்சால் குத்துவார்கள். குத்திய இடம் உப்பாது, ஓரம் மட்டும் எழும்பும். குத்துப்பட்ட இடத்தில்தான் கோலம்.)

4.

சனிக்கிழமைகளில் அந்தோனிதாசன் அண்ணை வீட்டில் செபக்கூட்டம்; இணையத்தில் நேரலையாகவும் போகும். மாதம் ஒரு மக்களினத்துக்காகச் செபிப்பார்கள். அந்த மாதத் தாளில் 'உய்குர்' என்றிருந்ததும் கத்தரீனாவால் இருக்க முடியவில்லை.

"அண்ணை, அவையில ஒராளை எனக்குத் தெரியும்!"

"பாத்தியளே ஆண்டவற்ற வேலையை! பெயரைக் கேட்டுக்கொண்டு வாரும், அடுத்த கிழமை நேரலையில செபிப்பம். பெயரில்லாத செபம் விலாசமில்லாத கடிதம்."

திங்கட்கிழமை உருளையடியில் கத்தரீனா இதைச் சொன்னார். அன்றைக்கு முதல் தடவையாக விரிப்பு கோணிக்கொண்டு போனது.

அவர்கள் பேசியது உடைந்த டெனிஷில், தமிழில் தருகிறேன்.

"அம்மா அங்க இருக்கிறா. குரல் கேட்டு ஆறு வருசம். என்ர பெயர் இணையத்தில வந்தா, அங்க பொலிஸ் போய் அவவின்ர கதவைத் தட்டும்."

கத்தரீனா கோணிய விரிப்பை எடுத்து உதறினார். [ ] மற்ற மூலையைப் பிடித்தாள்.

"செபம் வேண்டாமெண்டு சொல்லேல்லை. பெயர் வேண்டாம். ஓ, அதோட நான் உங்கட வேதத்துக்கு மாறவும் வேணுமோ?"

"வந்தாச் சந்தோசம். வராட்டியும் மற்ற மூலையைப் பிடிக்க நீ வேணும்."

5.

இங்கே கத்தரீனா மேல் எனக்குச் சந்தேகம். இரகசியம் வைத்தால் அவருக்கு வயிறு ஊதிவிடும். இவரை நம்பி ஒரு தாயின் கதவை ஒப்படைக்கலாமா? 'அவர் உறுதியாக மௌனம் காத்தார்' என்று எழுதி...

இல்லை. நடந்தது இது. சனிக்கிழமை, பூச்சாடியில் சாய்த்துவைத்த போன். நாற்பத்து மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஆருக்காக, தங்கச்சி?" என்றார் அந்தோனிதாசன். பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கத்தரீனா அதை விழுங்கி, மற்றப் பெயரை எடுத்தார்: நான்.

இனி இலக்கணம். தமிழில் 'நான்' தனியாகத்தான் நிற்கும். அதற்கு ஒரு உறவு வந்ததும் உருமாறிவிடும். 'நானின் அம்மா' என்று யாரும் சொல்வதில்லை.

"என்ர அம்மாவுக்காக" என்றார் கத்தரீனா. "அவவின்ர குரலை ஒருக்காக் கேக்க வேணும்."

பக்கத்திலிருந்த கணவர் லோரன்ஸ் பதறிப்போனார். "இஞ்சேரும், மாமி மோசம் போய் அடக்கம் பண்ணிப் பதினொரு வருசமெல்லே! என்ன குரல்?"

"பேசாமல் இருங்கோ. செபம் போகுது."

அந்தோனிதாசன் கத்தரீனாவைப் பார்த்தார். கையிலிருந்த தாளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எல்லாரும் சேர்ந்து சொல்லுங்கோ" என்றார். "என் அம்மாவுக்காக."

நாற்பத்து மூன்று பேரும் தட்டச்சு செய்தார்கள்.

6.

முடிவுகள்.

அ) அன்றிரவே [ ] வீட்டில் தொலைபேசி மணி... (அழித்துவிட்டேன். இன்றுவரை மணி அடிக்கவில்லை. பொய்யாய் அடிக்கவைக்க எனக்கு உரிமை கிடையாது.)

ஆ) [ ] அடுத்த சனிக்கிழமை செபக்கூட்டத்துக்கு வந்தாள். இது உண்மை. கையில் எட்டு ரொட்டி. செபிக்க வந்தாளா, ரொட்டி கொடுக்க வந்தாளா என்று லோரன்ஸ் கேட்டதற்கு, "சாப்பிட்டிட்டுக் கேளுங்கோ" என்றார் கத்தரீனா. அதிலொரு துண்டுதான் மறுநாள் என் கைக்கு வந்தது. வாசலோடு நிற்பேன் என்றேன். பாருங்கள், கதைக்குள்ளே மேசை நிறைய நான்.

இ) இது உங்களுடையது. பெயர் தெரியவேண்டியதில்லை. கீழே இருப்பதை ஒரு தடவை வாய்விட்டு வாசியுங்கள், யாருடைய அம்மா என்று உங்கள் வாயே சொல்லும்:

என் அம்மாவுக்காக.