முதல் பாதி

பதினோரு மணிக்கே லேப்டாப் மெக்கானிக் தன் கடை ஷட்டரை இறக்கினான். பக்கத்துத் தையற்கடைக்காரர் மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா, அதுக்குள்ள மூடியாச்சு?"

"லேப்டாப் வாங்கப் போறேன்."

"நீயா? உன் கடையில இல்லாத லேப்டாப்பா?"

"இங்க இருக்கறது எல்லாம் அரை உசுரு."

உண்மைதான். வேலை கற்ற நாளிலிருந்து அவன் மேசைக்கு வந்ததெல்லாம் நோயாளிகள். நன்றாக ஓடுகிற லேப்டாப்புக்கு அவனிடம் என்ன வேலை? கீல் உடைந்தது, தண்ணீர் குடித்தது, தூசி அடைத்துக் கொதித்தது என்று எல்லாக் கம்பெனியையும் அதன் கெட்ட நாளில் மட்டுமே பார்த்துப் பழகியவன். எந்தப் பெயரைச் சொன்னாலும் அவனிடம் ஒரு குறை தயாராக இருக்கும். கூடவே ஒரு ஆயுளும் சொல்வான். லேப்டாப்புக்கு அடியில் உள்ளங்கையை வைத்து, உள்ளே ஓடும் காற்றாடிச் சத்தத்தைக் கொஞ்சம் கேட்டுவிட்டு, "இன்னும் ஒரு வருஷம் ஓடும்" என்பான். பெரும்பாலும் பலித்தது. அக்கா அவனை ஜோசியர் என்றுதான் கூப்பிடுவாள்.

லேப்டாப் கேட்டது அக்காதான். மழைக்கு முன்னால் கேட்டாள். மழை வந்து போய், சுவரில் ஈரமும் காய்ந்துவிட்டது. அத்தான் பஸ் ஓட்டுகிறவர். ஷிஃப்ட் முடிந்த கையோடு கடை கடையாக ஏறி இறங்கி, ஃபோனில் படம் எடுத்து அனுப்புவார். இவன் ஒற்றை வரியில் பதில் போடுவான். கீல் நிக்காது. சூடு தாங்காது. போர்டு போனா குப்பைதான்.

"உன்னைக் கேட்டுக்கிட்டு ஒருத்தன் செருப்புகூட வாங்க முடியாது மாப்ள" என்றார் ஒரு நாள். அதற்கப்புறம் படம் வரவில்லை.

அக்கா ஒரு தியேட்டரில் டிக்கெட் கவுண்டரில் இருந்தவள். படம் தொடங்கியதும் உள்ளே போக முடியாது. மிச்ச டிக்கெட்டைச் சரிபார்த்து, பணத்தைக் கட்டி, மேனேஜரிடம் கையெழுத்து வாங்குவதற்குள் இடைவேளை விட்டிருப்பார்கள். பிறகுதான் கடைசி வரிசைக்குப் பின்னால் போய் நின்று பார்ப்பாள். வேலையில் இருந்தவரை அப்படியே போயிற்று. "எல்லாப் படத்துக்கும் முடிவு தெரியும்டா. யாரு எதுக்கு அழறாங்கன்னுதான் தெரியாது" என்பாள்.

இப்போது அவளுக்கு நேரம் இருந்தது. மூச்சு இல்லை. இதயம் பாதிதான் வேலை செய்கிறது. படுத்தால் இரைக்கும், முதுகுக்கு மூன்று தலையணை வைத்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். ஃபோனில் படம் பார்க்கலாமென்றால் தூக்கிப் பிடிக்கக் கையில் தெம்பில்லை. முகங்கள் கடுகளவு தெரிந்தன. டிவியைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைய முடியாது. போன முறை சேர்த்திருந்தபோது, வராந்தாவில் வைத்து, "எத்தனை வருஷம் டாக்டர்?" என்று அத்தான் கேட்டார். டாக்டர் பேனாவை மூடிச் சட்டையில் செருகினார்.

"வருஷக் கணக்கு வேண்டாமே" என்றார்.

அதை அத்தானும் இவனும் மட்டும்தான் கேட்டார்கள். அக்காவிடம் சொல்லவில்லை. அக்கா கேட்கவும் இல்லை.

இன்று காலையில் அவளே ஃபோன் செய்தாள். "நீங்க ரெண்டு பேரும் பார்த்துக் கிழிச்சது போதும். நானே வரேன்."

வீட்டுச் சாமான் ஷோரூம் முதல் மாடியில் இருந்தது. லிஃப்ட் சின்னது, சக்கர நாற்காலியைக் குறுக்காகத் திருப்பி நுழைக்க வேண்டியிருந்தது. அத்தான் மருந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தள்ளினார். ராத்திரி ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் வந்திருந்தார். அவர் கண்ணைப் பார்த்தால் யாருக்கு நாற்காலி வேண்டும் என்ற சந்தேகம் வரும்.

விற்பனைப் பெண் இரண்டு லேப்டாப்பைக் காட்டினாள். விலை ஏறக்குறைய ஒன்றுதான். முதலாவது பதினேழு அங்குலம். திரையைச் சுற்றிச் சட்டமே தெரியவில்லை. அதில் ஒரு கிளி சிறகை விரித்தது. ஒவ்வொரு இறகும் தனியாகத் தெரிந்தது. இரண்டாவது தடிமனாக, சின்னத் திரையோடு, பள்ளிக்கூடத்து ஸ்லேட்டு மாதிரி இருந்தது. அதிலும் அதே கிளிதான். வெயிலில் காயப்போட்டு மறந்தது போல வெளுத்திருந்தது.

மெக்கானிக் இரண்டாவதைத்தான் கையில் எடுத்தான். ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினான், வளையவில்லை. கவிழ்த்துத் திருகாணிகளைப் பார்த்தான்.

"இது உழைக்கும்" என்றான். "எது போனாலும் தனியா மாத்திக்கலாம். அஞ்சு வருஷத்துக்கு அசையாது."

"அதுல என்னடா எல்லாரும் குளிக்காத மாதிரி இருக்காங்க?" என்றாள் அக்கா. கிளி போய் ஒரு குடும்பம் கடற்கரையில் ஓடிக்கொண்டிருந்தது. "சத்தமும் குடத்துக்குள்ள இருந்து வருது."

"அந்தப் பெருசுக்குக் கீல் ஒல்லி. எல்லாத்தையும் போர்டோட ஒட்டி வெச்சிருக்கான். ரெண்டு வருஷம் தாண்டாது."

"பார்க்க நல்லா இருக்கே."

"பார்க்க நல்லாத்தான் இருக்கும்."

"பார்க்கத்தானேடா வாங்கறோம்?"

விற்பனைப் பெண் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். அத்தான் அவன் முழங்கையைப் பிடித்து ஃப்ரிட்ஜுகள் நிற்கிற பக்கமாக நகர்த்திக்கொண்டு போனார். ஒரு ஃப்ரிட்ஜின் மேல் கையை ஊன்றிக்கொண்டார்.

"மாப்ள. அஞ்சு வருஷம் யாருக்கு?"

அவன் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த விலைச் சீட்டைப் பார்த்தான்.

"அவ சாயங்காலம் சாஞ்சு உக்காந்து ஒரு படம் பார்க்கணும். எனக்கு அவ்வளவுதான். மிஷின் நிக்குதா விழுதான்னு எனக்குக் கவலை இல்லை."

"அப்ப ரெண்டு வருஷம் போதும்னு சொல்றீங்களா அத்தான்?"

"நான் அப்படியா சொன்னேன்?"

"வேற எப்படி?"

அத்தான் ஃப்ரிட்ஜின் கதவைத் திறந்தார். உள்ளே விளக்கு எரிந்தது. மூடினார்.

"எனக்குத் தூக்கம் வருது மாப்ள" என்றார். "வா, போலாம்."

அவர்கள் திரும்பியபோது அக்கா விற்பனைப் பெண்ணோடு சிநேகமாகியிருந்தாள்.

"அந்தப் படத்துல கடைசியில ஒருத்தி சாவியைத் தூக்கி ஆத்துல எறிவாம்மா. தியேட்டரே விம்மி விம்மி அழும். டெய்லி மூணு ஷோ நானும் நின்னு பார்த்தேன். எந்த வீட்டுச் சாவின்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

"யாரையாவது கேட்டிருக்கலாமே மேடம்?"

"கேட்டேன். ஆளுக்கு ஒரு கதை சொன்னாங்க."

அந்தப் பெண் படத்தைத் தேடிப் பிடித்துப் பெரிய திரையில் ஓடவிட்டாள். பழைய படம், கீறலெல்லாம் துடைத்துப் புதிதாக்கி வைத்திருந்தார்கள். மெக்கானிக் பழக்கதோஷத்தில் உள்ளங்கையை அடியில் நுழைத்தான்.

பெயர்கள் ஓடி முடிந்தன. ஒரு தெரு. தெருக்கோடியில் பாதி கட்டிய வீடு. ஒரு தச்சன் கதவுக்குப் பூட்டுப் பொருத்திக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு இளம்பெண் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அவன் சாவியைக் கொடுக்காமல் விளையாட்டுக் காட்டினான்.

"அட, இவதான்!" என்றாள் அக்கா. "இவ்வளவு சின்னப் பொண்ணாவா இருந்தா?"

நாற்காலியில் முன்னால் சாய்ந்தாள். மூச்சு இரைத்தது, அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. திரையின் வெளிச்சம் கன்னத்தில் விழுந்தது. அத்தான் மருந்துப் பையைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, அவள் பின்னால் நின்று, நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடி படம் பார்த்தார். சோபா வாங்க வந்த யாரோ ஒருவரும் நின்று பார்த்தார்.

காற்றாடி இரைய ஆரம்பித்தது. அவனுக்குத் தெரிந்த இரைச்சல். பத்து நிமிஷத்தில் இப்படிச் சூடேறினால் உள்ளே பசை எப்போது இளகும், எந்தப் பக்கம் முதலில் போகும் என்றெல்லாம் அவனுக்குத் தெரியும். கை சுட்டது. எடுக்கவில்லை. சொல்லவும் இல்லை.

தச்சன் கடைசியில் சாவியைக் கொடுத்தான். அக்கா கையைத் தட்டாத குறைதான்.

"மிச்சம் வீட்டுல" என்றாள். "நிறுத்தும்மா. இங்கயே பார்த்துட்டா வாங்காமப் போயிடுவாங்க இவங்க."

"இதையே எடுத்துக்கலாம்" என்றான் மெக்கானிக்.

அத்தான் அவனைப் பார்த்தார். அக்காவும் பார்த்தாள். அவள் பார்வை கொஞ்சம் கூடுதல் நேரம் நின்றது.

"கீல் ஒல்லின்னியே?"

"மெதுவாத் திறந்தா ஒண்ணும் ஆகாது."

"ரெண்டு வருஷம் தாண்டாதுன்னே."

"போச்சுன்னா நான் எதுக்கு இருக்கேன்? பார்த்துக்கறேன்."

"ஓ" என்றாள் அக்கா.

பில் போடும் இடத்தில் கூட்டமில்லை. புதுப் பெட்டியை அக்கா தன் மடியிலேயே வைக்கச் சொன்னாள். கனம் என்று அத்தான் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருந்த காலத்தில் போலவே இரண்டு முழங்கையையும் அதன் மேல் ஊன்றிக்கொண்டாள். விற்பனைப் பெண் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் நிறுத்தி, அத்தானை நிமிர்ந்து பார்த்தாள்.

"சார், வாரண்டி ஒரு வருஷம் இதுலயே வரும். கொஞ்சம் சேர்த்துக் கட்டினா மூணு வருஷம் போடலாம். எப்படிப் போடட்டும்?"

அத்தான் பணப்பையைத் திறந்து வைத்துக்கொண்டு அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். நோட்டுகளை ஓரம் சரிசெய்தார். மறுபடியும் சரிசெய்தார். மெக்கானிக் சுவரில் ஓடும் டிவிகளைப் பார்த்தான். எல்லாவற்றிலும் அந்தக் கிளி.

"அவரை ஏம்மா கேக்கறே, பாவம், நின்னுக்கிட்டே தூங்கறாரு" என்றாள் அக்கா. "என் தம்பி இருக்கான். இந்தத் தொழில்ல பெரிய ஆளு. கையை வெச்சுப் பார்த்தான்னா இத்தனை வருஷம்னு சொல்லிடுவான், ஒரு நாள் தப்பாது."

பெட்டியின் மேலாகக் கையை நீட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். விரல்கள் சில்லென்று இருந்தன.

"சொல்லுடா ஜோசியரே. ஒண்ணு போதுமா, மூணு வேணுமா?"