கடைசியாக வந்தது: இன்று

வீட்டில் அவனுக்கு மேகப் பைத்தியம் என்றுதான் பெயர். அப்பாவோடு வாய்ச்சண்டை முற்றி, கேமராவை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிப் போனவன். போன் எப்போதும் அணைந்தே கிடந்தது. அவன் எடுத்த மேகங்கள் மட்டும் ஒரு புகைப்படத் தளத்தில் மிதந்துகொண்டிருந்தன. நெடுநாள் வராதவர்களின் படங்களை அழித்துவிடுவோம் என்று அந்தத் தளம் அறிவித்தபோது அவன் அக்கா உடனே கணினி முன்னால் உட்கார்ந்தாள்.

அக்கா கணினி நிரல் எழுதிப் பிழைப்பவள். தம்பியின் கடவுச்சொல் அவளுக்குத் தெரியும். எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை வைக்கும் சோம்பேறி அவன். தினமும் அவன் பெயரில் தானாகவே உள்ளே போய்வர ஒரு சின்ன நிரல் எழுதினாள். அது வாசலில் கடவுச்சொல்லைச் சொல்லும். உள்ளே வந்தவர் இவர்தான் என்று தளம் கொடுக்கும் குக்கீ என்ற அடையாளத்தை சைக்கிள் ஸ்டாண்டு டோக்கன் மாதிரி பத்திரப்படுத்திக்கொள்ளும். அங்கே போ, இங்கே போ என்று திருப்பிவிடும் பக்கங்களில் எல்லாம் அதைக் காட்டிக்கொண்டே போய், கடைசியில் மேகங்களுக்கு நடுவே நிற்கும்.

ஒன்றை மட்டும் அவள் யோசிக்கவில்லை. தம்பியின் பெயருக்குக் கீழே 'கடைசியாக வந்தது: இன்று' என்று தளம் எழுதிவிடும். அதை அம்மா பார்த்துவிட்டாள்.

"உன் தம்பி எங்கயோ நல்லாத்தான் இருக்கான்டி. தினமும் வந்து பாத்துட்டுப் போறான்."

அன்றிலிருந்து அம்மா ஆளே மாறிப்போனாள். ஜன்னல் திரை உப்பி உப்பி அடங்கும் மதிய நேரத்தில், போனும் கையுமாக, அரைத் தூக்கத்தில் மகனின் மேகங்களோடு பேசிக்கொண்டிருப்பாள். வீடே தரையிலிருந்து கொஞ்சம் எழும்பி நிற்கிறாற்போல இருக்கும். உண்மையைச் சொல்ல அக்கா வாயெடுப்பாள்; அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவாள். பெற்ற தாயை ஏமாற்றுகிறோமே என்று தன் மேலேயே அவளுக்கு வெறுப்பாக வந்தது.

இன்று சொல்லியே தீருவது என்று உட்கார்ந்தபோது நிரல் மக்கர் பண்ணியது. உள்ளே போகப் பார்த்தது. தளம் வாசலுக்கே திருப்பிவிட்டது. சுற்றிச் சுற்றி அதே வாசல். டோக்கன் தொலைந்துவிட்டதோ என்று பார்த்தாள். தளம் கொடுத்தால்தானே தொலைவதற்கு. எங்கே கோட்டைவிட்டோம் என்று தன்னைத் திட்டிக்கொண்டே கடவுச்சொல்லைக் கையாலேயே அடித்தாள்.

'இந்தக் கடவுச்சொல் இன்று மாற்றப்பட்டது.'

மறுபடி வாசித்தாள். மாற்ற வேண்டுமானால் கைபேசிக்கு வரும் எண்ணைச் சொல்ல வேண்டும். அந்தக் கைபேசி அவனிடம்தான் இருக்கிறது; அணைந்து கிடந்ததை இன்று திறந்திருக்கிறான். எவன்டா தினமும் என் வீட்டுக்குள் வந்துபோவது என்று பூட்டை மாற்றியிருக்கிறான் மகராசன்.

அக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நிரலை அழித்தாள்.

"இன்னிக்கும் வந்திருக்கான், பாத்தியா?" பக்கத்து அறையிலிருந்து அம்மாவின் குரல்.

"ஆமாம்மா. இன்னிக்கு வந்திருக்கான்."

"இதென்ன புதுசா? தினமும்தானே வரான்."

அக்கா போய் அம்மாவை ஒட்டி உட்கார்ந்தாள். நாளைக்கு அந்த இடத்தில் 'நேற்று' என்று வந்தாலும் வரலாம். அது அவனுடைய நேற்றாகவே இருக்கும்.

"அம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள். இப்போது பயமாக இல்லை.