இடக்கால் மலை

கார்டு என்றதும் ரேஷன் கார்டு என்று நினைத்துவிடாதீர்கள், கண்ணுகளா. நான் சொல்வது படக் கார்டு. நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பக்கம் ஊரின் படத்தை அச்சடித்திருப்பார்கள். மறுபக்கம் நாலு வரி எழுதி, தபால்தலை ஒட்டி அனுப்புவார்கள். வேலூர்க் கோட்டை அகழி, ஏலகிரி மலை, பாலாற்றுப் பாலம் என்று நம் பக்கத்துப் படங்களும் எத்தனையோ வந்திருக்கின்றன. ஆம்பூர் வஜீதா அப்படி இருநூற்றுப் பதினொரு கார்டு சேர்த்து வைத்திருந்தாள்.

வஜீதாவுக்கு வயது நாற்பத்தெட்டு. ஷூ கம்பெனியில் இருபத்தாறு வருஷமாக ஜோடி மேசையில் வேலை. ஷூவின் மேல்பாகத்துக்கு வெட்டி வருகிற தோல் துண்டுகளில் இடக்கால் எது, வலக்கால் எது என்று பிரித்து, நிறமும் ரேகையும் ஒத்துப்போகிற இரண்டைச் சேர்த்துத் தையலுக்கு அனுப்புகிற மேசை அது. வேலை இல்லாத நாளில் பழைய பேப்பர் கடைகளுக்குப் போய்விடுவாள். "படம் போட்ட கார்டு ஏதாச்சும் வந்துச்சா?" என்று அவள் கேட்காத கடை பேரணாம்பட்டிலிருந்து வாணியம்பாடி வரைக்கும் கிடையாது.

"எல்லார் வீட்லயும் பொம்பளைங்க தங்கம் சேக்கறாங்க. என் வீட்ல அட்டை சேக்கறா" என்பார் அவள் கணவர் மக்பூல் அகமது. சொல்லிவிட்டு, மாதத்தின் இரண்டாவது ஞாயிறு அவரே தன் லோடு ஆட்டோவில் அவளை ஏற்றிக்கொண்டு போய் வேலூரில் விடுவார்.

வேலூர் தோட்டப்பாளையத்தில் ஹெலன் டீச்சர் வீட்டு மாடியில்தான் கார்டு சேர்ப்பவர்கள் கூடுவார்கள். மொத்தம் ஒன்பது பேர். ஹெலன் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர். ஒன்பது பேருக்கும் தலைவர் மாதிரி இருந்தவர் குடியாத்தம் சம்பந்தம். விசைத்தறி போட்டு லுங்கி நெய்கிறவர். ஆயிரத்து நானூறு கார்டு வைத்திருந்தார். ஒரு கார்டு அசலா, எந்த ஊர், எந்த வருஷம் என்று அவர் சொன்னால் சொன்னதுதான்.

அந்த வருஷம் கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் பத்து நாள் கண்காட்சி வைப்பதென்று முடிவாயிற்று. ஊருக்கு ஒரு கார்டு, ஃபிரேம் போட்டு, கீழே கொடுத்தவர் பெயரோடு. வேலூருக்கு இருந்தது, ஆற்காட்டுக்கு இருந்தது, ராணிப்பேட்டைக்கும் இருந்தது. ஆம்பூருக்கு மட்டும் ஒருவரிடமும் இல்லை. பதினோரு வருஷமாக வஜீதா தேடிக்கொண்டிருந்ததும் அந்த ஒன்றைத்தான். தன் ஊருக்கு ஒரு கார்டு.

பேரணாம்பட்டில் ஒரு கிழிந்த அட்லஸுக்குள் அது கிடைத்தது. அதைத்தான் அந்த மாத ஞாயிறு கூட்டத்துக்குக் கொண்டுவந்து சம்பந்தத்தின் கையில் கொடுத்தாள்.

சம்பந்தம் ஜன்னல் ஓரம் போய் லென்ஸை வைத்துப் பார்த்தார். பழுப்பு நிறப் படம். முன்னால் ஆறு, கரையில் துணி துவைக்கிற மூன்று பெண்கள், பின்னால் பெரிய மலை. கீழே ஆங்கிலத்தில் 'ஆம்பூர், மலையும் ஆறும்' என்று அச்சாகியிருந்தது.

"கார்டு அசல்தான். ஆனா ஆம்பூர் இல்லம்மா" என்றார்.

"இன்னாண்ணா சொல்றீங்க? கீழயே போட்டிருக்குதே!"

"போட்டிருப்பான். சீமைல குந்திக்கினு அச்சடிச்சவனுக்கு ஆம்பூர் எது, ஆரணி எதுன்னு தெரியுமா? பேர மாத்திப் போட்ட கார்டு எங்கிட்டயே ஒம்பது இருக்குது. மலைய நீயே பாரு. இதுல செங்குத்து இடது பக்கம், சரிவு வலது பக்கமா எறங்குது. உங்க ஊரு மலை அப்படியா? நாப்பது வருஷமா போறேன், வர்றேன். சரிவு இடது பக்கம்."

அவர் சொன்னது உண்மை. தினமும் கம்பெனிக்குப் போகும்போது வஜீதா பார்க்கிற மலை அப்படி இல்லை.

'ஊர் தெரியாதவை' என்று எழுதிய பெட்டியைச் சம்பந்தம் திறந்தார். வஜீதா கையை நீட்டினாள்.

"குடுங்கண்ணா. பொட்டிக்கு அப்புறமா போவட்டும்."

"இருவத்தி நாலாம் தேதி எல்லாம் ஃபிரேம் கடைக்குப் போவுது. அதுக்குள்ள நீ ருசுப்படுத்திட்டா ஆம்பூர் ஃபிரேம் உன்னுது. இல்லாட்டி ஆம்பூருக்குக் காலி ஃபிரேம்தான் மாட்டுவேன்."

"காலியா மாட்டாதீங்க சம்பந்தம். அப்புறம் ஆம்பூர்ல ஒருத்தரும் உங்க லுங்கிய வாங்க மாட்டாங்க" என்றார் ஹெலன்.

எல்லாரும் சிரித்தார்கள். வஜீதா கார்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் கம்பெனி வாசலில் நின்று மலையைப் பார்த்தாள். மலை அசையவில்லை. புதன்கிழமை மதியம் மேசைக்கு ஒரு தட்டு வந்தது, முழுக்க இடக்கால் துண்டுகள். நடுவில் ஒரு வலக்கால் கலந்திருந்தது. வஜீதாவின் கை அதை எடுத்து எதிர்ப்பக்கம் போட்டது. கை போட்ட பிறகுதான் மனசு அதைக் கவனித்தது.

யோசித்துப் பாருங்கள், கண்ணுகளா. இடக்கால் துண்டும் வலக்கால் துண்டும் ஒன்றுபோல் இருக்காது. அதற்காக இது வேறு ஷூ என்று யாராவது சொல்வார்களா? தோலின் மேல் வைத்து வெட்டுகிற பேட்டர்ன் அட்டை ஒன்றுதான். திருப்பிப் போட்டு வெட்டினால் மற்றக் கால்.

கார்டில் இருப்பது வேறு மலை இல்லை. அதே மலையின் இன்னொரு கால்!

அன்று மாலை பேட்டர்ன் ரூமில் மிஞ்சிய அட்டை ஒன்றைக் கேட்டு வாங்கிவந்தாள். கார்டின் மேல் மெல்லிய தாளை வைத்து மலையின் விளிம்பை வரைந்து, அட்டையில் ஒட்டி, கத்தரியால் வெட்டினாள். உச்சியில் பாறை துருத்துகிற இடங்களில் சின்னதாக ஒவ்வொரு வெட்டு போட்டாள். தோல் துண்டின் ஓரத்திலும் அப்படி வெட்டு இருக்கும், எதோடு எது சேர வேண்டும் என்று தைப்பவளுக்குத் தெரிவதற்காக. மொத்தம் ஐந்து வெட்டு.

"இன்னா செய்யற, சமோசாவா?" என்றார் மக்பூல் அகமது.

"மலை செய்யறேன்."

சனிக்கிழமை குடியாத்தத்துக்குப் போன் போட்டாள். "அண்ணா, நாளைக்கு ஆம்பூருக்கு வாங்க. டீச்சரையும் கூட்டிக்கினு வாங்க."

"கார்டு உங்கிட்ட இருக்குதில்ல, நீ வேலூருக்கு எடுத்துக்கினு வாம்மா."

"கார்ட எடுத்தாந்துடுவேன். மலையத்தான் தூக்க முடியல."

மறுநாள் காலை ரயிலில் இரண்டு பேரும் வந்து இறங்கினார்கள். ஹெலன் மக்பூல் அகமதுவின் லோடு ஆட்டோவில் முன்னால் உட்கார்ந்துகொண்டார். சம்பந்தம் பின்னால் கம்பியைப் பிடித்து நின்றபடி வந்தார். பாலாற்று மணலில் இறங்கியதும் வஜீதா அட்டையை அவர் கையில் கொடுத்தாள்.

"மொதல்ல இப்படியே புடிச்சிப் பாருங்கண்ணா."

சம்பந்தம் கையை நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அட்டையை மலைக்கு நேராகப் பிடித்தார். "ஒட்டல."

"இப்ப திருப்பிப் புடிங்க."

திருப்பினார். அட்டையின் சரிவு மலையின் சரிவில் போய் உட்கார்ந்தது. அவர் கையை இறக்கினார்.

"படத்த திருப்பி அச்சடிச்சிட்டான்னு சொல்ற. அப்போ கீழ எழுத்தும் திரும்பித்தானே இருக்கணும்?"

"எழுத்த தனியா கோத்து அடிப்பாங்க. நீங்க லுங்கில லேபிள் தனியா ஒட்டறதில்ல?"

"அந்தக் காலத்துல கண்ணாடித் தகட்டுலதானே படம் எடுப்பாங்க" என்றார் ஹெலன். "தகட்ட மறுபக்கமா வெச்சிட்டா இடம் வலம் மாறிடும். உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும் டீச்சர். இதுல மாறியிருக்குதுன்னு எப்படிச் சொல்றது?"

வஜீதா கார்டையும் லென்ஸையும் நீட்டினாள். "அந்த மூணு பேரையும் பாருங்கண்ணா. முந்தானை வலது தோள்ல இருக்குது."

"ஐயர் வீட்டு அம்மாங்க வலது பக்கந்தான் போடுவாங்க."

"மூணு பேரும் இடக்கையால துணி அடிக்கறாங்க."

"இடக்கைக்காரங்க இருக்கக் கூடாதா?"

ஹெலனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "சரிதான். அன்னிக்கு ஐயர் வீட்டு இடக்கை அம்மாங்க மூணு பேரும் ஒண்ணா பேசி வெச்சிக்கினு ஆத்துக்கு வந்திருக்காங்க. இதையே எழுதி மாட்டுங்க!"

மக்பூல் அகமது சிரித்துச் சிரித்து இருமினார். சம்பந்தமும் சிரித்தார், ஆனால் விடவில்லை. மறுபடி அட்டையைப் பிடித்து, வெட்டுகளை எண்ணினார்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. அஞ்சாவது எங்கம்மா? அட்டைல அஞ்சு வெட்டு இருக்குது. மலைல நாலு பாறைதான்."

வஜீதா வாங்கிப் பார்த்தாள். நாலுதான். சரிவு ஆரம்பிக்கிற இடத்தில் ஐந்தாவது பாறை இல்லை.

"ஒரு பாறைதானே சம்பந்தம், போவட்டும்" என்றார் ஹெலன்.

"வேணா டீச்சர்" என்றாள் வஜீதா. ஒரே ஒரு வெட்டு சேராததற்காக அவள் ஒதுக்கித் தள்ளிய துண்டுகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். மற்றவர்கள் துண்டுக்கு ஒரு நியாயம், தன் ஊருக்கு ஒரு நியாயமா? போவட்டும் என்று அவள் வாய் சொல்லாது. ஆனால் அந்த மேசையில் இன்னொரு பழக்கமும் உண்டு. வெட்டு சேரவில்லை என்றால் துண்டைக் குறை சொல்வதற்கு முன்னால், நாம் பிடித்திருப்பது கோணலா என்று பார்க்க வேண்டும்.

"நிக்கிற எடம் தப்புண்ணா" என்றாள். அட்டையை நீட்டிப் பிடித்தபடியே மணலில் பக்கவாட்டில் நடக்க ஆரம்பித்தாள்.

"எங்கம்மா போற?"

"வாங்கண்ணா."

சீமைக் கருவேலம் புதரைச் சுற்றி, ஒரு மோட்டார் கொட்டகையைத் தாண்டி, அறுபது எழுபது அடி போயிருப்பாள். மலையில் பெரிய பாறைக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னப் பாறை மெல்ல வெளியே வந்தது, கதவு மறைவிலிருந்து பிள்ளை எட்டிப் பார்க்கிற மாதிரி. இன்னும் நாலு அடி வைத்தாள். நின்றாள். அசையாமல் அட்டையைச் சம்பந்தத்தின் கைக்கு மாற்றினாள்.

அவர் பார்த்தார். ஐந்து வெட்டு, ஐந்து பாறை. நீட்டிய கையை அவர் ரொம்ப நேரம் இறக்கவே இல்லை.

"இங்கதான்" என்றார் கடைசியில். "இங்கதாம்மா அவன் பொட்டிய வெச்சிக்கினு நின்னிருக்கான்." காமிராவின் மூன்று கால் பதிந்த குழி இன்னும் இருக்கும் என்பதுபோல, குனிந்து மணலைப் பார்த்தார்.

அங்கேயே சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து எழுதினார். "ஆம்பூர். அச்சில் இடம் வலம் மாறியது. கண்டுபிடித்தவர் வஜீதா, ஆம்பூர். போதுமா?"

"வஜீதா, ஜோடி மேசை, ஆம்பூர்னு போடுங்கண்ணா."

"ஜோடி மேசைன்னா வர்றவங்களுக்குப் புரியாதேம்மா."

"புரியாதவங்க கேப்பாங்க. நான் சொல்றேன்."

கண்காட்சி திறந்த அன்று வஜீதா லீவு போட்டுவிட்டுப் போய், ஆம்பூர் ஃபிரேமுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். ஃபிரேமில் கார்டு அச்சான மாதிரியே இருந்தது. கார்டை மாற்றக் கூடாது என்பது சம்பந்தத்தின் சட்டம். பத்து மணிக்கெல்லாம் ஆம்பூர்க்காரர் ஒருவர் வந்துவிட்டார். வேலாயுதம் என்று பெயர், ரயில் நிலையத்துக்கு எதிரே சைக்கிள் கடை வைத்திருப்பவர். கீழே எழுதியிருந்ததைப் படிக்கவே இல்லை. படத்தைப் பார்த்தார், இடுப்பில் கை வைத்தார், மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி குரல் கொடுத்தார்.

"எவன்யா இத ஆம்பூர்னு மாட்டினது? எங்க மலை எந்தக் காலத்துல இந்தப் பக்கமா சரிஞ்சிது?"

எதிர் வரிசையிலிருந்த சம்பந்தம் பதில் சொல்ல எழுந்தார். வஜீதா கையைக் காட்டி அவரை உட்காரச் சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

"நீங்க சொல்றது கரெக்டுண்ணா" என்று ஆரம்பித்தாள். "இப்ப உங்க கால்ல இருக்கற செருப்ப ரெண்டையும் கொஞ்சம் கழட்டுங்க."