சிவப்புத் துணிக் கயிறு

குனெல் தன் ஆட்டுப்பட்டியைச் சுற்றிக் கட்டியிருந்த சிவப்புத் துணிக் கயிற்றை அவள் தம்பி தூரே அவிழ்த்துக்கொண்டிருந்தான். காற்றில் ஆடும் அந்தத் துணிகளைத் தாண்ட ஓநாய்கள் அஞ்சும். வெர்ம்லாந்து மாகாணத்துக் காட்டோரத்தில் அவளுடைய ஆடுகள் பிழைத்திருந்தது அதனால்தான்.

"காட்டை இதால வளைச்சுட்டா அதுங்க வெளிய வராது. சுட்டுடலாம். அரசாங்கமே அனுமதி குடுத்திருக்கு," என்றான்.

"எதையும் கொல்லாம இருக்கத்தான்டா இதைத் தச்சேன்."

"என் நாயைக் கிழிச்சப்ப உன் கயிறு எங்க போச்சுக்கா?"

குனெல் கயிற்றைச் சுருட்டிக் கொடுத்தாள்.

மதியம், கயிறு கட்டி வளைத்த காட்டோரத்தில் வேட்டைக்காரர்களோடு அவளும் காவல் நின்றாள். மரங்களுக்கிடையிலிருந்து ஓர் ஓநாய் வந்தது. அவள் பழைய திரைச்சீலையில் வெட்டிய துணி அதன் முகத்துக்கு நேரே அசைந்தது. ஓநாய் பின்வாங்கியது, மறுபடி வந்தது. வேட்டை நாய்களின் குரைப்பு நெருங்கியது.

குனெல் முடிச்சை அவிழ்த்துக் கயிற்றைப் பனிக்குள் மிதித்து மறைத்தாள். ஓநாய் அவளைக் கடந்து ஓடியது.

"அக்கா, உன் பக்கம் வந்துச்சா?" அவள் கையிலிருந்த வாக்கி-டாக்கியில் தூரே கேட்டான்.

"இல்லடா."

அது போன சரிவின் அடியில்தான் அவளுடைய பட்டி, இன்று கயிறில்லாமல் இருந்தது.