ஃபுல் காட்டிய கம்பி

அக்காவின் லாரி நின்றால் வீட்டில் அடுப்பும் நின்றுவிடும். மாமாவுக்கு இடுப்பு போனதிலிருந்து அவள்தான் லோடு அடிக்கிறாள். அதனால்தான், நாள் முழுக்க கண்டவன் வண்டிக்கு அடியில் கிடந்த உடம்போடு மறுபடியும் அவள் வண்டிக்கு அடியில் படுத்தேன்.

பழைய லாரி, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். சூடேறிவிட்டால் மேட்டில் என்ஜின் மட்டும் கத்துகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது.

“கியர் ஆயில் இருக்கா மாமா?”

“அதெல்லாம் ஃபுல்லு. தினம் காலையில நான்தானே பாக்கறேன்.”

நான் எழுந்து வந்ததும், என்ஜின் ஓட ஓட, அளவுக் கம்பியை உருவித் துணியால் துடைத்து, விட்டு எடுத்து என் மூக்குக்கு நேராக நீட்டினார். கோடு வரை நனைந்துதான் இருந்தது. ஆனால் தீய்ந்த வாடை.

எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. வண்டி ஆயில் இல்லாத வண்டி மாதிரி நடக்கிறது, கம்பி ஃபுல் என்கிறது. வருவது வரட்டும் என்று ஒரு லிட்டர் ஊற்றினேன்.

“ஐயய்யோ, கோடு தாண்டுதுப்பா!”

“தாண்டட்டும், சும்மா இருங்க மாமா!”

அக்கா பட்டறைச் சரிவில் ஓட்டினாள். லேசாக வழுக்கினாலும் வண்டி பிடித்து ஏறியது. அவள் முகம் தெளிந்தது.

அங்கே நின்ற அதே ரக லாரியின் கம்பியை உருவிப் பக்கத்தில் பிடித்தேன். மாமாவுடையது ஒரு விரல் நீளம் அதிகம்.

“இது இந்த வண்டிக் கம்பியே இல்ல. நீளமா இருக்கறதால அடி வரைக்கும் போய் முங்குது, ஆயில் குறைஞ்சாலும் ஃபுல்லுன்னுதான் காட்டும்.”

“பழசு போன வருஷம் உடைஞ்சுது. காயலாங்கடையில எடுத்தேன்.” மாமாவின் குரல் இறங்கியது. “கச்சிதமா உக்காந்துச்சே…”

ஒரு வருஷமாக அரைவயிற்றோடு மேடேறியிருக்கிறது. உள்ளே கிளட்ச் தட்டுகள் கருகிவிட்டன. எப்படிச் சொல்வதென்று தெரியாமல் பட்டென்று சொன்னேன்: “கொஞ்ச மாசம் ஓடும்க்கா, பாதி லோடுதான். அப்புறம் பாக்ஸையே மாத்தணும்.”

அக்கா இறங்கி டயரில் சாய்ந்தாள். “இவர் பாத்துக்கறாருன்னுதான் நான் ஒருநாளும் எட்டிப் பாக்கல.”

அவள் கத்தியிருந்தால் தேவலை. நான் அரத்தை எடுத்து, மாமாவின் கம்பியில் பழைய கோட்டுக்கு மேலே சரியான இடத்தில் புதுக் கோடு கீறினேன்.

மாமா துணியை அவளிடம் நீட்டினார். “இனிமே நீயே பாரும்மா.”

“ஆமா! லோடும் அடிச்சு, சமைச்சும் போட்டு, இதையும் நானே பாக்கறேன்!” கம்பியை என்னிடமிருந்து பிடுங்கி அவர் கையில் திணித்தாள். “இந்தக் கோடு. நல்லா பாத்து வெச்சுக்கங்க.”

மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கோட்டை விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.