அம்புக்குறிக்கு எதிரே

பெண் பார்க்கிறேன் பேர்வழி என்று இனி ஒருத்தரும் நம் வீட்டுப் படி ஏறக் கூடாது என்று நான்தான் சண்டை போட்டேன். வருகிறவர்கள் கேசரியைத் தின்கிறார்கள், பஜ்ஜியைத் தின்கிறார்கள், என்னை மேலும் கீழும் பார்க்கிறார்கள், போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள். போனவர்கள் போனவர்கள்தான். மறுநாள் குழாயடியில் சரவணம்பட்டி மொத்தமும் என்னிடம் துக்கம் விசாரிக்கும். மில் ஆபீசில் டைப் அடித்து மாதச் சம்பளம் வாங்குகிற எனக்கு இது தேவையா?

இதற்குச் சென்னகிருஷ்ணன் மாமா ஒரு வழி கண்டுபிடித்தார். அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். வரன் பார்த்துக் கொடுப்பதில் பேர் போனவர். துடியலூர் தாண்டி ஆனைகட்டிப் பக்கம் ஒரு சின்னக் கரட்டுக் குன்றைச் சுற்றி வனத்துறைக்காரர்கள் நடைபாதை போட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பமும் சும்மா காற்று வாங்கப் போனது போல அங்கே போக வேண்டியது, வழியில் எதேச்சையாகப் பார்த்துக்கொண்டது போல நின்று பேச வேண்டியது. பிடித்தால் மேற்கொண்டு பேசலாம். பிடிக்காவிட்டால் யாரும் யாரையும் பார்க்கவே இல்லை, யாருக்கும் மானக்கேடு கிடையாது.

எனக்கும் சரி என்றுதான் பட்டது. காரணம் மாப்பிள்ளையின் போட்டோ. பேர் எழில், சத்தியமங்கலத்தில் மின்வாரிய வேலை. ஸ்டுடியோவில் எடுத்த படம்தான். ஆனால் கேமராவைப் பார்க்காமல் பக்கத்தில் யாரையோ பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். அதை ஆபீஸ் மேஜை டிராயரில் வைத்து அடிக்கடி எடுத்துப் பார்த்ததை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. இந்த இடமாவது அமைய வேண்டும் என்று மனசார நினைத்தேன். தட்டு ஏந்தாமல், தலை குனியாமல், நடந்துகொண்டே மனுஷியாக நாலு வார்த்தை பேசலாம் என்று ஆசைப்பட்டேன்.

மாமா இரண்டு வீட்டுக்கும் ஒரே கட்டளை போட்டிருந்தார். யாரும் ஓரிடத்தில் நிற்கக் கூடாது, உட்காரக் கூடாது, நடந்துகொண்டே இருக்க வேண்டும். எதிரே பார்த்ததும் 'அட, நீங்களுங்களா' என்று ஆச்சரியப்பட வேண்டும். அவரும் கூட வந்தால் குட்டு உடைந்துவிடுமாம். அதனால் நடைபாதை வாசலுக்கு வெளியே டீக்கடையில் உட்கார்ந்துகொண்டார். அவருக்கென்ன, டீயும் வடையும்.

வாசலில் ஒரு பலகை இருந்தது. 'குழந்தைகளும் பெரியவர்களும் எளிதாக நடக்கலாம்' என்று எழுதி, கீழே இடது பக்கம் காட்டி அம்புக்குறி போட்டிருந்தார்கள். அப்பா அதை எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தார். அவர் கையில் காபி பிளாஸ்க், அம்மா காலில் புதுச் செருப்பு, என் உடம்பில் மாம்பழக் கலர் பட்டு. எதேச்சையாக நடக்க வந்தவர்களாம், பட்டுச் சேலையில்.

முதல் சுற்றில் குரங்குகளைப் பார்த்தோம். மரத்தடியில் இருந்த ஒரு காதல் ஜோடி அப்பாவின் மீசையைப் பார்த்ததும் எழுந்து ஓடியது. மாப்பிள்ளை வீட்டாரைக் காணோம். இரண்டாம் சுற்றில் பாதை நெடுக நிலக்கடலைத் தோல் கிடந்தது. முதல் சுற்றில் அது இல்லை. எனக்குப் பொட்டில் அடித்தாற்போல் புரிந்துவிட்டது. அவர்களும் அம்புக்குறியைப் பார்த்துத்தான் நடக்கிறார்கள். முன்னால் அவர்கள், பின்னால் நாங்கள், நடுவில் கரடு மறைக்கிறது. இப்படியே சுற்றினால் விடியவிடியச் சுற்றலாம்.

திரும்பி எதிர்ப்பக்கமாகப் போகலாம் என்றேன். ஊரே ஒரு பக்கம் போகும்போது நாம் மட்டும் எதிரே போனால் தேடிக்கொண்டு வந்த மாதிரி ஆகிவிடும் என்றாள் அம்மா. தேடிக்கொண்டுதானே வந்திருக்கிறோம்? சரி, வாசல் பெஞ்சில் உட்காருவோம், அவர்களே வரட்டும் என்றேன்.

"பொண்ணு ஊட்டுக்காரங்க வழி பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தா நம்மள ஆரு கண்ணு மதிப்பாங்க?" என்றாள் அம்மா.

எட்டி நடந்தால் பிடித்துவிடலாம் என்றார் அப்பா. எட்டி நடந்தோம். அம்மாவுக்கு மூச்சு வாங்கியது, புதுச் செருப்பு குதிகாலைக் கடித்தது. எங்களைப் பிடிக்கிறோம் என்று அவர்களும் அப்போது எட்டி நடந்திருக்கிறார்கள். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மறுபடி வாசலைத் தாண்டும்போது மாமா டீ கிளாசைத் தூக்கிக் காட்டி, முடிந்ததா என்று சைகையில் கேட்டார். எனக்கு வந்ததே கோபம். பாழாய்ப்போன மதிப்பு, பாழாய்ப்போன அம்புக்குறி. அம்மா கூப்பிடக் கூப்பிடக் காதில் வாங்காமல் திரும்பி, எதிர்ப்பக்கமாக நடந்தேன்.

சேலைக் கரையெல்லாம் ஒட்டுமுள் அப்பியது. முகத்துப் பவுடர் வேர்வையோடு போயிற்று. ஒரு வளைவில், கல்லின் மேல் ஓர் அம்மா வார் அறுந்த செருப்போடு உட்கார்ந்திருந்தார். மடியில் கடலைப் பொட்டலம். கீழே குந்தி உட்கார்ந்து அந்த வாரைச் சணல் கயிற்றால் கட்டப் பார்த்துக்கொண்டிருந்தவரை ஒரு பார்வையிலேயே தெரிந்துவிட்டது, எழில்தான். அவர்களுக்கு என்னைத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? ஸ்டுடியோக்காரன் விளக்கைப் போட்டு வெளுக்க வைத்த மூஞ்சியைத்தானே அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

ஊக்கு இருக்குமா என்று அந்த அம்மா கேட்டார். தோளில் குத்தியிருந்ததைக் கழற்றிக் கொடுத்தேன். வாங்கி மகனிடம் நீட்டிவிட்டு, மனசில் இருந்ததை என்னிடம் கொட்டினார்.

"பொழுதன்னிக்கும் நடந்துபோட்டோமுங்க அம்மணி. ஒரு பொண்ணைப் பாக்கோணும்னு வந்தோம், ஆளையே காணோம். பெரிய இடத்துப் பொண்ணாட்ட இருக்குது, நடந்தா காலு தேஞ்சு போயிருமாக்கும்."

பேசாமல் போயிருக்கலாம். எங்கள் அம்மாவாக இருந்தால் போயிருப்பாள்.

"ஏனுங்க, அந்தப் பொண்ணு நான்தானுங்க," என்றேன். "நாங்களும் உங்க பொறகாலயே இந்நேரமா நடந்துக்கிட்டுத்தான் இருக்கோம்."

அந்த அம்மா மடியில் இருந்த கடலைப் பொட்டலத்தைக் கீழே வைத்தார். அப்புறம், மாமா சொல்லிக் கொடுத்தது நினைவுக்கு வந்தது போல, "அட, நீங்களுங்களா," என்றார்.

அதோடு விட்டாரா? இதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று ஆரம்பித்தார். நான் திரும்பிப் போய் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு முறையாக வர வேண்டுமாம். இவர்கள் ஒன்றும் தெரியாதது போல எதிரே வருவார்களாம். முகத்தையும் கழுவிக்கொண்டு வந்தால் தேவலையாம். எனக்கு அழுகை முட்டியது. துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். இதற்கு வீட்டிலேயே தட்டைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கலாமே.

எழில் ஊக்கை மாட்டி முடித்து, செருப்பைத் தன் அம்மாவின் காலடியில் வைத்துவிட்டு எழுந்தார்.

"இனி என்னத்தைப் புதுசாப் பாக்கறதுங்கம்மா? நான் பாத்தாச்சு," என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க பாத்தாச்சுங்களா?"

எத்தனையோ பேர் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்கள் யாருக்கும் என்ன முகம் என்று எனக்குத் தெரியாது. குனிந்த தலைக்குத் தெரிந்ததெல்லாம் கால் விரல்கள்தான். இப்படி ஒரு கேள்வியை என்னிடம் ஒருத்தரும் கேட்டதில்லை.

"இன்னும் சரியாப் பாக்கலைங்க," என்றேன். "நடங்க, பாக்கலாம்."

நான் வந்த பக்கமே திரும்பவில்லை. போய்க்கொண்டிருந்த பக்கமே நடந்தேன். அவரும் பக்கத்தில் வந்தார். அடக்கிப் பார்த்தும் சிரிப்பு அவருக்கு நிற்கவில்லை. பின்னாலிருந்து அவருடைய அம்மா, அம்புக்குறி இந்தப் பக்கம் என்று கத்திக்கொண்டே இருந்தார்.