தொழுவத்துத் தெலுங்கு

அரும்பாவூர் குருநாத ரெட்டியார் வீட்டில் இரண்டு பேச்சு உண்டு. வீட்டு ஆட்களுக்குள் தெலுங்கு, வேலையாட்களிடம் தமிழ். அதுவும் என்ன தெலுங்கு! ஏரி, கொல்லை, வைகாசி எல்லாம் தமிழிலேயே நிற்கும். சொல்லின் வால் மட்டும் தெலுங்கில் ஆடும். பதினெட்டு வருஷமாக அந்த வீட்டுத் தொழுவத்தில் சாணி அள்ளிய கலியம்மாளுக்கு அதில் ஒரு சொல் தப்பாமல் புரியும். புரிகிறதென்று அவள் காட்டிக்கொண்டதே இல்லை. காட்டினால் அப்புறம் அவள் எதிரில் யார் வாயைத் திறப்பார்கள்?

உலகச் சண்டை நடந்து மண்ணெண்ணெய்கூடக் கிடைக்காத அந்த வருஷம், சித்திரைக் கடைசியில் ஒரு காலை. கலியம்மாள் பால் கறந்துகொண்டிருந்தாள். ரெட்டியார் தொழுவத்துப் பக்கம் நின்று மனைவியிடம் சொன்னார்.

"வைகாசிலோ ஆ ஏரிக்கொல்லைனி அம்மேத்தாம்."

வைகாசியில் ஏரிக்கொல்லையை விற்றுவிடலாமாம். காம்பைப் பிடித்த கை அப்படியே நின்றது. விளைச்சலில் பங்கு கொடுத்து அந்தக் கொல்லையை வாரத்துக்குப் பயிர் செய்பவள் அவள். புருஷன் போன பிறகு அவளுக்குக் கஞ்சி ஊற்றுவது அந்த நிலம்தான். வாங்குகிறவன் அவளை எதற்கு வைத்துக்கொள்ளப் போகிறான்?

பால் செம்பை வாங்க வந்த ரெட்டியார் தமிழுக்கு மாறினார். "கலியம்மா, இந்த வருஷம் கொல்லைக்கு எருவ நல்லாக் கொட்டு. கடலை போடலாம்."

"சரிங்க ஐயா."

விற்கப்போகிற நிலத்துக்கு எரு எதற்கு? மனுஷன் மனம் மாறிவிட்டாரா? பெண்டாட்டியிடம் சொன்னது நிஜமா, தன்னிடம் சொன்னது நிஜமா?

பத்து நாள் எருச் சுமந்தாள். கூடையோடு போகும்போது தமிழ்தான் நிஜம் என்று பட்டது. வெறுங்கூடையோடு திரும்பும்போது தெலுங்குதான் நிஜம் என்று பட்டது. யாரிடம் போய்க் கேட்பாள், என்னவென்று கேட்பாள்?

வைகாசி பிறந்ததும் இரண்டு பேர் வந்து கொல்லையைச் சங்கிலி போட்டு அளந்தார்கள். கலியம்மாள் கூடையைப் போட்டுவிட்டு நேரே ரெட்டியார் வீட்டுப் பின்வாசலுக்குப் போனாள். பதினெட்டு வருஷம் பூட்டி வைத்த வாய் திறந்தது.

"ஐயா, ஏரிக்கொல்லைனி அம்மேசாரா?"

வித்துட்டீங்களா என்று அவர்கள் பேச்சிலேயே கேட்டுவிட்டாள். அங்கே நின்ற ரெட்டியாரும் மனைவியும் திடுக்கிடுவார்கள் என்று நினைத்தாள். யாரும் திடுக்கிடவில்லை. ரெட்டியார் மனைவி குனிந்துகொண்டாள்.

"பத்திரம் முடிஞ்சுபோச்சு கலியம்மா," என்றார் ரெட்டியார், தமிழில். "உனக்குத் தெலுங்கு தெரியும்னு எங்களுக்கு எப்பவோ தெரியும். செவலைப் பசு கன்னு போட முடியாமக் கெடந்தப்ப தெலுங்குலதான அதுகிட்டப் பேசுன? அதனாலதான் அன்னிக்கித் தொழுவத்துப் பக்கம் வந்து நின்னு சொன்னேன். உன் மூஞ்சியப் பாத்துத் தமிழ்ல சொல்ல வாய் வரல."

கலியம்மாளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஒளிந்து கேட்டதாக இத்தனை நாள் கூனிக்குறுகியது அவள்! தெலுங்குக்குப் பின்னால் ஒளிந்துகொண்டவரோ அவர்.

"அப்ப எருவ ஏங்க கொட்டச் சொன்னீங்க?"

ரெட்டியார் வாயைத் திறந்தார். தமிழும் வரவில்லை, தெலுங்கும் வரவில்லை. எரு அப்பிய கையோடு அவள் நின்றுகொண்டே இருந்தாள்.